பெடல் சத்தம் மட்டும் போகவே இல்லை: 'லெட் செப்பலின் 3', நீண்ட நாள் கேட்ட அனுபவம்

பிரிட்டிஷ் ராக் பேண்டான லெட் செப்பலினின் 'லெட் செப்பலின் 3' ஆல்பத்தின் 2014 ரீமாஸ்டரை, அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்து வெளியிட்ட பதிப்பை, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற விஷயமில்லை இது. வருடக்கணக்காகக் கேட்ட ஆல்பம். நடுவில் கொஞ்ச காலம் விட்டுப்போய், இப்போது திரும்பி வந்து நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. 1970 அக்டோபரில் வந்தது, பத்துப் பாட்டு, இசைத்தட்டின் முதல் பக்கம் பெரும்பாலும் எலெக்ட்ரிக், இரண்டாம் பக்கம் அக்கூஸ்டிக் என்பதெல்லாம் கேட்டவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் நேராக என் ஆதங்கத்துக்கு வருகிறேன்.

நான்காவது பாட்டு, 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ'. ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் மெதுவான ப்ளூஸ். அதில் டிரம்மர் ஜான் பான்ஹாம் பேஸ் டிரம்மை அடிக்கக் காலால் அழுத்தும் பெடல் கிரீச்சிடுகிறது. எங்கோ ஓரிடத்தில் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கால் அழுத்தும்போதெல்லாம், எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி சன்னமாக ஒரு 'கிரீச்'. பாடகர் ராபர்ட் பிளான்ட் உருகி உருகிப் பாடிவிட்டு மூச்சு வாங்குவார், அந்த இடைவெளியில் இது வந்து நிற்கும். மொபைல் ஸ்பீக்கரில் தெரியாது. ஓடும் வண்டியில் கேட்டாலும் தப்பிக்கலாம். கொஞ்சம் நல்ல ஹெட்போனை மாட்டினால் போச்சு. காது ஒரு தடவை அதைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் விடவே விடாது.

இத்தனைக்கும் அந்தப் பாட்டை இவ்வளவு அழகாக்கும் அதே விஷயம்தான் இந்தக் குறையையும் எடுத்துக்காட்டுகிறது. இதில் பேஸ் கிடார் கிடையாது. ஜான் பால் ஜோன்ஸ் ஹாமண்ட் ஆர்கனில் உட்கார்ந்து, கீழ் சுரங்களை ஆர்கனின் கால் கட்டைகளிலேயே வாசிக்கிறார். நரம்பைச் சுண்டும் சத்தமே இல்லாமல் அடித்தளம் முழுக்க உருண்டையாக, மெத்தென்று இருக்கிறது. அதன் மேல் ஜிம்மி பேஜின் கிடார் சில இடங்களில் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. அத்தனை வெற்றிடம் இருப்பதால்தான் பாட்டு நெஞ்சைப் பிசைகிறது. அதே வெற்றிடத்தில்தான் அந்தப் பெடலும் தனியாக நின்று கத்துகிறது. வேகமான பாட்டாக இருந்திருந்தால் சிம்பலுக்குள் அமுங்கிப்போயிருக்கும்.

நியாயமாகவும் பேச வேண்டும். ரீமாஸ்டரில் இதை ஏன் எடுக்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரீமாஸ்டர் என்பது ஏற்கெனவே கலந்து முடித்த ஸ்டீரியோ டேப்பை வைத்துச் செய்யும் வேலை. அதிலிருந்து டிரம்மை மட்டும் சுத்தமாகப் பிரித்துத் துடைக்க 2014-இல் எளிய வழி இல்லை. அந்தச் சத்தம் இருக்கும் அலைவரிசையைக் குறைத்தால் பிளான்ட் குரலின் மினுமினுப்பும் கூடவே போகும். தயாரிப்பாளரான பேஜே ஒரு பேட்டியில் இதைப் பற்றிக் குறைபட்டிருக்கிறார். கேட்கக் கேட்க அது கூடிக்கொண்டே போகிறதாம். அவருக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்!

சரி, இப்போது சந்தோஷமான பகுதி. இந்த முறை என்னை உலுக்கியது இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பு. 'ஃப்ரெண்ட்ஸ்' முடியும்போது மூக் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் ஒரு ரீங்காரம் எழுந்து, கீழே இறங்கி, அப்படியே 'செலிப்ரேஷன் டே'க்குள் கொண்டுபோய் விடும். அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் டிரம் தவறுதலாக அழிந்துபோனதால், இந்த ரீங்காரத்தை நீட்டி ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். கிடார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) ஆரம்பிக்கும் நொடியை நன்றாகக் கேளுங்கள். டிரம் இல்லை, ரீங்காரம் மட்டும் அதைத் தாங்குகிறது. அப்புறம்தான் மொத்த பேண்டும் உள்ளே வருகிறது. விபத்தைச் சரிக்கட்டப் போட்ட ஒட்டு, ஆல்பத்திலேயே ஆக அழகான இடமாகிவிட்டது. தயவுசெய்து இதை ஷஃபிளில் போட்டுக் கேட்காதீர்கள். உங்கள் ஆப்பில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழுந்தால், முதலில் செட்டிங்ஸில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் அந்த இடமே செத்துப்போகிறது.

'டேன்ஜரின்' ஆரம்பத்தில் இன்னொன்று உண்டு. கிடார் தொடங்கும், உடனே நின்றுவிடும், பேஜ் எண்ணுவார், திரும்பவும் முதலிலிருந்து. வெட்டியெறிய அரை நிமிட வேலை. வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், அது இல்லாமல் அந்தப் பாட்டை இப்போது நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இப்படிப்பட்ட காது உள்ளவர்கள் அந்தப் பெடலை எப்படி விட்டார்கள் என்பதுதான் என் மனசு ஆறாத கேள்வி.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வேல்ஸில் மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லாத பிரான்-இர்-ஐர் குடிசையில் பேஜும் பிளான்ட்டும் தங்கியிருந்த நாட்களின் வாசம் அதில் வீசுகிறது. வந்த புதிதில், கனமான ராக்கை எதிர்பார்த்த விமர்சகர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு 'தட்ஸ் தி வே' ஒன்று போதும். கடைசிப் பாட்டை மட்டும் இன்றைக்கும் தாண்டித்தான் போகிறேன். பிளான்ட்டின் குரலை அப்படி நடுங்கவிட்டது எனக்கு ஒட்டவே இல்லை.

ரீமாஸ்டரின் ஒலி நன்றாக இருக்கிறதா? இருக்கிறது. 'கேலோஸ் போலி'ல் பேஜின் பேஞ்ஜோ எங்கே நுழைகிறது என்று தெளிவாகப் பிரித்துக் கேட்க முடிகிறது. 'பிரான்-இ-ஐர் ஸ்டாம்ப்'பில் பான்ஹாம் தட்டும் ஸ்பூன்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. டீலக்ஸ் பதிப்பின் இரண்டாம் டிஸ்க்கில் 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ'வின் முதல் பதிவு ஒன்றும் இருக்கிறது. பாட்டு உருவாகிக்கொண்டிருந்த நேரத்தைக் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு அது ஒரு விருந்து.

இவ்வளவும் சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். ஆல்பம் அற்புதம், வேலை சுத்தம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நேற்று ராத்திரி முழு ஆல்பத்தையும் ஹெட்போனில் கேட்டேன். நான்காவது பாட்டில் பேஜின் சோலோவுக்கு முந்தின வரியில், அத்தனை உச்சத்தில் காத்திருக்கும்போது, என் காது பெடலைத்தான் தேடியது. சுத்தமான ஒலி வேண்டுமென்று காசு கொடுத்தால் கிரீச்சும் அதே சுத்தத்தோடு வருகிறது. கையில் பழைய சிடி இருந்தால் அதையே சாதாரண ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால், 1975-இல் வந்த இவர்களின் 'பிசிக்கல் கிராஃபிட்டி' ஆல்பம் உங்களிடம் இல்லை என்று போன மாதம் சொன்னீர்களே, அதை வாங்குங்கள்.