எலும்பா, மரபணுவா?

மனித இனம் வந்த வழியை அறிய மண்ணில் புதைந்த எலும்பும் உயிரணுவில் பொதிந்த மரபணுவும் இருவேறு சான்றுகளாக உள்ளன. 1974-இல் எத்தியோப்பியாவில் கிடைத்த லூசி எனப் பெயரிடப்பட்ட தொல்மனித இனப் பெண்ணின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடே எஞ்சியிருந்தது. ஆயினும் இடுப்பெலும்பின் அகலமும், தொடையெலும்பு முழங்காலை நோக்கி உட்சாய்ந்திருக்கும் கோணமும், சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவளது இனத்தார் நிமிர்ந்து நடந்தனர் என்பதைக் காட்டிவிட்டன. வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்துவிடும் மரபணுவால் அவ்வளவு தொலைவு செல்ல இயலவில்லை. ஆனால் உறவுமுறையைச் சொல்வதில், என் கணிப்பில், அதற்கு நிகரில்லை. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த விரலெலும்புத் துணுக்கு, வடிவத்தைக் கொண்டு எந்த இனத்தினுடையது என்று பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியது. அதிலிருந்து எடுத்த மரபணுவே அதுவரை அறியப்படாத ஒரு மனிதக் கிளையை 2010-இல் வெளிப்படுத்தியது. அந்த மரபணுவைக் காத்து வைத்திருந்ததும் எலும்புதான் என்பது வேறு.