டிவி பக்கமே போகாதவர் ஸ்விட்ச் 2-க்கு மாறலாமா?

நிண்டெண்டோவின் கேம் கன்சோலான ஸ்விட்சை நான் டிவியில் மாட்டுவதே இல்லை. டிவியோடு இணைக்க உதவும் டாக் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. மகள் தூங்கியபிறகு விளக்கை அணைத்துவிட்டு, தலையணையில் சாய்ந்தபடி விளையாடுவதுதான் என் வழக்கம். கையில் இருப்பது 2021 அக்டோபரில் வந்த ஓஎல்இடி மாடல், அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை. நிண்டெண்டோ 2025 ஜனவரி 16 அன்று ஸ்விட்ச் 2-ஐ அறிவித்ததிலிருந்து, மாறுவதா வேண்டாமா என்று இந்த வழக்கத்தை வைத்துத்தான் யோசித்து வந்தேன். புதிய கன்சோலைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது 4கே என்ற மிகத் துல்லியமான படம். அது டாக்கில் வைத்து டிவியில் பார்த்தால் மட்டும் கிடைப்பது. படுத்துக்கொண்டு விளையாடுகிறவருக்கு இதில் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் எழுத வந்தேன்.

தம்பி, ஜூன் 5-ல் விற்பனைக்கு வந்த கையோடு ஒன்று வாங்கிவிட்டான். அவனிடம் இருந்தது 2017-ன் முதல் மாடல். வேலையாக வெளியூர் கிளம்பியபோது என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "நீயே ஆடிப் பாரு அக்கா, அப்புறம் முடிவு பண்ணு" என்றான். ஆடிப் பார்த்தேன்.

முதலில் திரை. ஓஎல்இடி மாடலில் 7 அங்குலம், 720பி. இதில் 7.9 அங்குலம், 1080பி, நொடிக்கு 120 தடவை வரை படத்தைப் புதுப்பிக்கும். புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டேகால் மடங்கு. புதிய கேம்களில் இது கண்கூடாகத் தெரிகிறது. 'மரியோ கார்ட் வேர்ல்ட்' ஆடும்போது தூரத்தில் வரும் வளைவு, ஓரத்தில் நிற்கும் கம்பம் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் இது எல்சிடி. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் திரையில் கறுப்பு எப்போதும் கொஞ்சம் சாம்பல் பூசியதுபோலத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இருட்டு அறையில் விளையாடுகிற எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது. 'மெட்ராய்டு ட்ரெட்' என்ற கேம் ஓஎல்இடி மாடல் வெளிவந்த அதே நாளில் வந்தது. பாதி நேரம் இருண்ட சுரங்கங்களில் ஓடுவதுதான் அதில் வேலை. ஓஎல்இடியில் கறுப்பான இடத்தில் புள்ளி அணைந்தே போகிறது. திரையின் விளிம்பு எங்கே முடிகிறது, அறையின் இருட்டு எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியாது. அந்த அனுபவம் புதியதில் இல்லை. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வசதி இதில் உண்டு என்றாலும், இந்த விஷயத்தில் பழைய திரைதான் மேல்.

பழைய கேம்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுப்பிப்பு வராத ஸ்விட்ச் கேம்களை நான் கையில் வைத்து ஆடியபோது, அவை அதே 720பி-யில்தான் படத்தை வரைந்தன. அதை 1080பி திரைக்கு ஒன்றரை மடங்கு இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு மடங்கு என்றால் ஒரு புள்ளிக்கு நான்கு புள்ளி என்று கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஒன்றரை மடங்கு அப்படி உட்காராது, ஓரங்கள் மழுங்கிவிடும். சின்ன எழுத்துகள் நிறைந்த கேம்களில், பட்டியல்களைப் படிக்கும்போது இது நன்றாகவே தெரிந்தது. என் கேம் அலமாரியில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். பெரிய திரை வாங்கிப் பழைய கேமை மங்கலாகப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

எடை. இருபுறமும் மாட்டும் கட்டுப்பாட்டுக் கருவிகளான ஜாய்-கானோடு சேர்த்து ஓஎல்இடி மாடல் 420 கிராம். ஸ்விட்ச் 2 சுமார் 534 கிராம். கையில் எடுத்ததும் பெரிதாக உறுத்தாது. தடிமன் இரண்டுக்கும் அதே 13.9 மில்லிமீட்டர்தான். உட்கார்ந்து, முழங்கைக்கு ஏதாவது ஆதாரம் கொடுத்து ஆடினால் சுகமாகவே இருக்கிறது. மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் அந்த நூறு சொச்சம் கிராம் மணிக்கட்டில் தெரிய ஆரம்பிக்கிறது. நான் ஒருக்களித்துப் படுத்து ஆட வேண்டியதாயிற்று.

ஜாய்-கான் காந்தத்தால் ஒட்டிக்கொள்வது அருமை. பழையதைப்போலத் தண்டவாளத்தில் சரித்து இறக்க வேண்டியதில்லை. கிட்டே கொண்டுபோனாலே டக்கென்று பிடித்துக்கொள்கிறது, கழற்றப் பின்னால் ஒரு பித்தானை அழுத்த வேண்டும். கட்டைவிரலால் நகர்த்தும் குச்சிகள் பெரிதாகியிருக்கின்றன, மென்மையாக நகர்கின்றன. தொடாமலே குச்சி தானாக நகரும் 'டிரிஃப்ட்' கோளாறு முந்தைய தலைமுறையில் எவ்வளவு பேசப்பட்டது என்பது தெரிந்ததே. தேய்மானம் குறைவான காந்த உணரிகளை, அதாவது ஹால் எஃபெக்ட் குச்சிகளை, இதிலும் போடவில்லை. அது எனக்கு வருத்தம். ஜாய்-கானைப் பக்கவாட்டில் வைத்து மவுசாகப் பயன்படுத்தும் வசதிக்கு மேசையோ மடியோ வேண்டும். என் பயன்பாட்டில் அதற்கு இடமில்லை.

இனி பேட்டரி. என் முடிவைப் பாதி தீர்மானித்தது இதுதான். நிண்டெண்டோ கொடுத்திருக்கும் கணக்குப்படி ஸ்விட்ச் 2 ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 2 முதல் 6.5 மணி நேரம் ஓடும். என் ஓஎல்இடி மாடலுக்கு அதே நிறுவனம் சொல்லும் கணக்கு 4.5 முதல் 9 மணி நேரம். பேட்டரி சின்னது என்பதால் அல்ல; 4310 எம்ஏஎச்-லிருந்து 5220-க்கு ஏற்றித்தான் கொடுத்திருக்கிறார்கள். பெரிய திரையும் வேகமான சிப்பும் அதைவிட அதிகமாகத் தின்றுவிடுகின்றன. டிவியோடு ஆடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனக்கோ, சார்ஜர் கம்பியை இழுத்துப் படுக்கை வரை கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். மேல்பக்கமும் ஒரு யுஎஸ்பி-சி துளை வைத்திருப்பது இதற்கு உதவுகிறது; நிறுத்திவைத்து ஆடும்போதும் சார்ஜ் போடலாம். 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளும் அமைப்பும் உண்டு, பேட்டரியின் ஆயுளுக்கு நல்லது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 2017-ல் வந்த முதல் ஸ்விட்சுக்குச் சொன்ன பேட்டரிக் கணக்கு 2.5 முதல் 6.5 மணி நேரம். 2019-ல் வெளித்தோற்றம் மாறாமல், அதே 4310 எம்ஏஎச் பேட்டரியோடு, உள்ளே சிப்பை நுண்ணியதாக்கி ஒரு திருத்தப்பட்ட மாடல் வந்தது. அது 4.5 முதல் 9 மணி நேரம் ஓடியது. இன்னும் பின்னே போனால், 2001-ல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸின் திரையில் விளக்கே கிடையாது. ஜன்னலோரம் தேடி உட்கார வேண்டும். 2003-ல் வந்த எஸ்பி மாடலில் விளக்கு வந்தது. 2004-ல் வந்த அடுத்த கையடக்கக் கருவியான டிஎஸ்ஸுக்கு 2006-ல் டிஎஸ் லைட் வந்து திரையைப் பளிச்சென்று ஆக்கியது. கையில் பிடித்து ஆடும் கருவிகளில் திரை, பேட்டரி, எடை ஆகிய மூன்றும் இரண்டாவது வார்ப்பில்தான் சரியாகி வந்திருக்கின்றன. இம்முறையும் அப்படி நடக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் எனக்குக் குறையாகப் படுபவை அதே மூன்றும்தான்.

சரி, இவ்வளவு சொன்னபிறகும் நான் தடுமாறிய ஓர் இடம் உண்டு. செல்டா வரிசையின் 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆடியவர்களுக்குக் கோரோக் காடு தெரியும். மூடுபனியைத் தாண்டி, அந்தப் பெரிய மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் பழைய ஸ்விட்ச் திணற ஆரம்பிக்கும். அந்த கேம் ஓடுவதே நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம்தான். அங்கே அதுவும் சரிந்து, கேமராவைத் திருப்பினால் படம் தட்டித் தட்டி நகரும். இத்தனை ஆண்டுகளும் அதை அந்த இடத்தின் குணமாகவே ஏற்றுக்கொண்டு ஆடியிருக்கிறேன். தம்பியின் கருவியில் ஸ்விட்ச் 2 பதிப்பைப் போட்டு அதே காட்டுக்குப் போனேன். 60 பிரேம். கேமராவைச் சுற்றச் சுற்ற இலைகளுக்கிடையே விழும் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகிறது. வில்லை இழுத்து, கருவியையே லேசாகச் சாய்த்துக் குறிபார்த்தால், குறி கையோடு கூடவே வருகிறது. முன்பு அரைக்கணம் பின்தங்கித்தான் வரும். அந்த மரத்தடியில் ஒரு வேலையும் இல்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தேன். அதன் தொடர்ச்சியான 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' கேமிலும் இதே மாற்றம்தான். 'போகிமான் ஸ்கார்லெட்', 'வயலெட்' இரண்டுக்கும் மேம்பாட்டை இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். வெளிவந்த நாளிலிருந்து திணறலுக்குப் பேர்போன அவை இப்போதுதான் நிம்மதியாக ஓடுகின்றன. செல்டா கேம்கள் இரண்டுக்கும் மேம்பாட்டைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது நிண்டெண்டோ ஆன்லைன் சந்தாவின் உயர் வகையான எக்ஸ்பான்ஷன் பேக் இருக்க வேண்டும்.

ஆக, நீங்கள் ஆடுவது பெரிய திறந்தவெளி கேம்களா என்பதே முக்கியமான கேள்வி. ஆம் என்றால் நான் சொன்ன குறைகளையெல்லாம் மீறி இதை வாங்கலாம். 'டாங்கி காங் பனான்சா', 'மரியோ கார்ட் வேர்ல்ட்' இரண்டும் இதில் மட்டும்தான் கிடைக்கும். அவற்றுக்காக வாங்குவதும் நியாயமே. என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்பவை இருபரிமாண கேம்கள், அட்டை கேம்கள், பண்ணை கேம்கள். 'ஹாலோ நைட் சில்க்சாங்' 2025 செப்டம்பரில் வந்தபோது பழைய ஸ்விட்சுக்கும் சேர்த்தே வந்தது. இருண்ட குகைகள் நிறைந்த அந்த கேமை நான் ஓஎல்இடியில்தான் ஆடுகிறேன்; அதுதான் அதற்குப் பொருத்தமான திரை.

தம்பி திரும்பி வந்ததும் "என்னக்கா முடிவு?" என்று கேட்டான். "உனக்கு இது சரிடா, எனக்கு இப்போதைக்கு வேண்டாம்" என்றேன். அவனுடைய பழைய திரை 6.2 அங்குல எல்சிடி, உள்நினைவகம் 32 ஜிபி. அங்கிருந்து 7.9 அங்குலத்துக்கும் 256 ஜிபிக்கும் தாவியதில் எடையிலும் பேட்டரியில் கொஞ்சமும்தான் அவனுக்கு இழப்பு, மற்றதெல்லாம் ஏற்றம்தான். எனக்குத் திரையிலும் பேட்டரியிலும் இறக்கம், வேகத்தில் மட்டும் ஏற்றம். ஓஎல்இடி திரையோடோ, நான்கு மணி நேரம் உறுதியாகத் தாங்கும் பேட்டரியோடோ ஒரு மாடல் வரட்டும், அன்றைக்கே வாங்குவேன்.

காத்திருக்கப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கேமைக் கார்டாக வாங்கும் பழக்கம் இருந்தால் அதைத் தொடருங்கள். ஸ்விட்ச் கார்டுகளில் பெரும்பாலானவை ஸ்விட்ச் 2-லும் ஓடும். ஆனால் பெரிய மெமரி கார்டு எதையும் இப்போது வாங்கிவைக்க வேண்டாம். ஸ்விட்ச் 2-ல் கேம்களைப் பதிய மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகை மட்டுமே செல்லும். பழைய வகைக் கார்டிலிருந்து படங்களையும் வீடியோக்களையும் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மாறப்போகிறவர்கள் ஸ்விட்ச் 2-க்கான கேமை வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள். 'கேம்-கீ கார்டு' என்று இருந்தால் உள்ளே கேம் இல்லை, திறவுகோல்தான் இருக்கிறது. முழு கேமையும் இறக்கிக்கொள்ள வேண்டும், ஆடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். 'சைபர்பங்க் 2077' போன்ற பெரிய கேமையே முழுதாகக் கார்டில் அடக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதால், மற்றவர்களால் முடியாது என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய கருவியை யாருக்காவது கொடுப்பதற்கு முன் தரவு மாற்றத்தை முடித்துவிடுங்கள். நீங்கள் ஆடிச் சேமித்தது கார்டில் இல்லை, கருவிக்குள் இருக்கிறது. சில கேம்களுக்குக் கிளவுட் சேமிப்பும் கிடையாது. ஜாய்-கானை ஒரு வளையத்தில் மாட்டி உடற்பயிற்சி செய்யும் 'ரிங் ஃபிட்' கேமை ஆடுகிறவர்கள் பழைய ஜாய்-கான் ஜோடியைத் தங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், புதியது அந்த வளையத்தில் பொருந்தாது.