பள்ளிக்கரணை வெள்ளம்: மடுவை அகலப்படுத்துவதா, கடலுக்கு நேர்வழி வெட்டுவதா?

தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிந்தால் நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே வெகுதூரம் ஓடி, முட்டுக்காட்டில் கடலைத் தொடுகிறது. கடலோ கால்வாய்க்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இடையில் வெட்டிவிட்டால் என்ன என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

நேர்வழியில் தூரம் குறையும், கால்வாயின் சுமையும் குறையும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கடலும் கொந்தளிக்கும். அலை ஒதுக்கும் மணல் வாயை மேடாக்கிவிடும். தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) ஓயாத தூர்வாரலும் இல்லாமல் அது திறந்திருக்காது. கடல் ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வராதிருக்க மதகும் வேண்டும். கரையோர மீனவர் குடியிருப்புகளை மறந்து இதைத் திட்டமிடவே கூடாது.

மடுவை அகலப்படுத்துவது மெதுவான வேலை. பாலத்தடியில் நின்று பாருங்கள்: ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போலத் தூண்களை அடைத்திருக்கும், நீர் அதனடியில் முனகிக்கொண்டு போகும். தூண்களுக்கு இடையே நீர் போகும் கண்வாய்கள் குறுகலாக இருந்தால் மேலே எவ்வளவு அகலப்படுத்தினாலும் வீண். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பட்ட பாடு போதாதா?

என் தேர்வு மடுவுதான். நேர்வழி வேண்டுமானால் பின்னர் துணையாக வரட்டும். சதுப்பு நிலத்தில் இனி ஒரு லாரி மண்கூடக் கொட்டக் கூடாது. நீர் காத்திருக்க இடம் இல்லையென்றால் இரண்டு வழிகளுமே திணறும்.