கோட்டை வாசலிலிருந்து சீனன்குடா வரை: சனிக்கிழமை வான் வண்டிப் பயணம் எப்படி?

சொந்த ஊரான திருகோணமலையைச் சுற்றிப் பார்க்க ஆளுக்கு 3,500 ரூபாயா என்று வீட்டில் கேட்டார்கள். போய் வந்துவிட்டுச் சொல்கிறேன், கொடுத்த காசு தகும். மான் பார்க்க, கன்னியா வெந்நீரூற்றில் குளிக்க என்று ஏற்றிப்போகிற வழக்கமான வான் இல்லை இது. ஓய்வுபெற்ற வரலாற்று மாஸ்டர் ஒருவர், இந்தத் துறைமுகத்தைத் தேடி எந்தெந்த வல்லரசு வந்தது, இங்கே இருந்தவர்கள் அவர்களை எப்படிச் சமாளித்தார்கள் என்ற ஒரே விஷயத்தை நாலரை மணி நேரம் சொல்லிக்கொண்டு போகிறார். உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிற என் தங்கச்சியின் மகளையும் கூட்டிப்போனேன்.

பிரட்றிக் கோட்டையில் தொடக்கம். கோணேசர் கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மாஸ்டர் அதில் நிற்காமல் நேரே கண்டிக்குப் போகிறார். கடற்படை என்று ஒன்றும் இல்லாத மலைநாட்டு அரசு, 1638இல் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்து அடுத்த ஆண்டே போர்த்துக்கேயரை இங்கிருந்து கிளப்பியது, பிறகு ஒல்லாந்தர் தாங்களே உட்கார்ந்துகொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கின கதை என்று சிங்களத்தில் சொல்வார்களே, அது. அத்தோடு கண்டி ஏமாந்துபோனது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஒப்பந்தம் செய்த அதே கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன், 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் இங்கே வந்தபோது இடம் கொடுத்திருக்கிறான். ஒல்லாந்தர் அதே ஆண்டில் அவர்களைத் துரத்திவிட்டார்கள், அது வேறு விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது 1782. ஜனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்துவிட்டு, ஹியூ பொய்ட் என்பவரை ஒப்பந்தம் பேசக் கண்டிக்குத் தூது அனுப்புகிறார்கள். 1762இல் வந்த ஆங்கிலத் தூதர் உருப்படியாக ஒன்றும் தராமல் போனதைக் கண்டி மறக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பனியோடு பேச்சில்லை, உங்கள் அரசரே எழுதட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓகஸ்ட்டில் பிரெஞ்சுக்காரர் வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் எட்டே மாதத்தில் தோற்றவன் பக்கம் நின்றிருப்பார்கள். சுவாமி மலையில் நின்று குடாவைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்கும்போது பாடப்புத்தகத்தில் படித்த மாதிரியே இல்லை.

இடையில் பிளேன்டீயும் வடையும். அப்போது 1952 இறப்பர் அரிசி ஒப்பந்தத்தைச் சொன்னார். நமக்கு அரிசி இல்லை, இறப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது, அமெரிக்கா நாம் கேட்ட விலைக்கு இறங்கி வரவில்லை. சீனாவோடு தூதரக உறவே இல்லாத நேரத்தில் (அது வந்தது 1957இல்) ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி என்று பேசி முடித்தார்கள். அமெரிக்க உதவி நின்றது, ஒப்பந்தம் 30 ஆண்டு நின்றது. அதைச் செய்தது இடதுசாரி அரசும் இல்லை, டட்லி சேனநாயக்கவின் அரசு.

கடைசியில் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள், அதாவது எண்ணெய் சேமிக்கிற பெரிய தாங்கிகள். உள்ளே விடமாட்டார்கள், வீதியில் நின்றுதான் கதை. பிரித்தானியர் கட்டியவை, 1942 ஏப்ரல் 9 ஜப்பானியர் குண்டு போட்ட இடம். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்க பிரித்தானியரின் கடற்படைத் தளத்தைச் சண்டையில்லாமல் திருப்பி வாங்கினார். 1987 ஜூலையில் இந்தியாவுடன் மாற்றிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாக இந்தத் துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுப்பதில்லை என்றும், குதங்களைக் கூட்டாகத் திருத்துவது என்றும் எழுதிக்கொடுத்தோம். குதங்கள் 2003இல் இந்திய நிறுவனத்தின் கைக்குப் போயின. 2022 ஜனவரியில்தான் 99ஐயும் பங்கு பிரித்தார்கள்: அவர்களுக்கு 14, நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மீதி 61 கூட்டாக, அதில் 51 வீதம் நமக்கு. எழுதிக்கொடுத்ததிலிருந்து 35 ஆண்டு!

"இழுத்தடித்தது கெட்டித்தனமா மாஸ்டர், இல்லை ஏலாத்தனமா?" என்று மருமகள் கேட்டாள். கெட்டித்தனம்தான் என்றார், பொறுத்ததால்தான் 51 கிடைத்ததாம். இதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. 1782இல் பொறுத்தவர்கள் எதையும் இழக்கவில்லை. இங்கே குதங்கள் பற்றைக்காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன, அங்கே வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஊர்ப் பொடியன்கள் மத்திய கிழக்குக்குப் போனார்கள். சின்ன நாடு நேரம் எடுக்கலாம், எடுத்த நேரத்தில் என்ன கிடைத்தது என்ற கணக்கும் வேண்டும்.

இன்னொரு குறை, சம்பூருக்குக் கூட்டிப்போவதில்லை. 2006இல் போரால் இடம்பெயர்ந்த சனத்தின் ஊர், இந்தியாவோடு போட்ட அனல் மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது, 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஒப்பந்தம் கொழும்பிலும் டில்லியிலும் எழுதினாலும் காணி அந்தச் சனத்தின் காணி. துறைமுகத்தின் கதையை அவர்கள் வாயால் கேட்காமல் முடிப்பது சரியில்லை என்று மாஸ்டரிடமே சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார், சேர்த்தால் இன்னொரு தடவை காசு கொடுத்துப் போவேன்.

வானில் ஒலிபெருக்கி சரியில்லை, முன் இருக்கையைப் பிடியுங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள், சீனன்குடாவில் நிற்கும் இடத்தில் நிழல் கிடையாது.