வாடையும் ஆற்றுப்பனியும்

குளிர்காலத் தனிமையைக் கவிதையில் கொண்டுவர ஒரு வழி, மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிடுவது. சீனக் கவிஞர் லியூ சோங்யுவான் (773–819) எழுதிய ‘ஆற்றுப்பனி’ மொத்தமே 20 எழுத்துகள். மலைகளில் பறவை இல்லை, பாதைகளில் காலடித் தடம் இல்லை. ஒற்றைப் படகில் ஒரு கிழவர் தூண்டில் போட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

நக்கீரர் பாடிய சங்கப் பாட்டான நெடுநல்வாடை நேர் எதிர். அதன் 188 அடிகளில் ஆளும் மாடும் பறவையும் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் குளிரில் எல்லாம் இயல்பு மறந்து நிற்கின்றன. மாடு மேயவில்லை, கறவை, பால் குடிக்க வரும் கன்றை உதைக்கிறது, செங்கால் புறா இரவு எது, பகல் எது என்று தெரியாமல் இரை தேடாமல் ஒடுங்கிக் கிடக்கிறது. பிச்சி மொட்டு விரிந்து மணம் வீசிய பிறகுதான் பெண்களுக்கு அந்தி வந்ததே தெரிகிறது. (இந்த ஓர் இடத்துக்காகவே நக்கீரரை எத்தனை முறையும் படிக்கலாம்.) அப்புறம் அரண்மனைக் கட்டிலில் அரசி, கடைக்கண்ணில் துளிர்த்த நீரை விரலால் சுண்டிவிடுகிறாள்.

எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. கிழவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இவளைச் சுற்றித் தோழியர் இருக்கிறார்கள். போருக்குப் போன அரசன் மட்டும் இல்லை. அங்கே போர்ப் பாசறையில் அவனும் தூங்கவில்லை. வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும்போதெல்லாம் விளக்குச் சுடர்கள் தெற்கே சாய்கின்றன.