சுட வைப்பதா, ஊற வைப்பதா? குளிர்காலப் பழங்களோடு வைன்

ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கள் வீட்டில் இதே வழக்குத்தான். மச்சாளுக்கு ஆவி பறக்கக் குளூவைன், அதாவது வாசனைச் சரக்குப் போட்டுச் சூடாக்கிய வைன், வேண்டும். மேல்மாடியில் இருக்கும் ஸ்பெயின் நாட்டு வலென்சியாக்காரிக்குப் பழம் மிதக்கும் குளிர்ந்த வைனான சங்கிரியா வேண்டும். ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் குளிரில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் இத்தனை வருஷம் மச்சாள் பக்கமே நின்றேன். போன மார்கழியில் 12 பேர் வந்தார்கள். ஒரே கூடைப் பழத்தை இரண்டாகப் பிரித்து இரண்டையும் செய்தேன். அன்றோடு என் எண்ணம் மாறிவிட்டது.

சங்கிரியா என்றதும் கோடைக்காலக் கடற்கரைதான் பலருக்கு ஞாபகம் வரும். ஸ்பெயினில் அதைக் கூடுதலாகக் குடிப்பதும் கோடையில்தான். ஆனால் அதற்குள் போகும் பழத்தின் பருவத்தைப் பாருங்கள். கிளெமென்டைன் என்ற சின்ன மண்டரின் தோடையும் நேவல் தோடையும் அங்கே குளிர்காலத்துப் பழங்கள். எல்ச்சே ஊர் மாதுளை ஒக்டோபரில் தொடங்கி நத்தாரைத் தாண்டியும் கிடைக்கும். சிசிலியில் எட்னா மலையடிவாரத்து இரத்தத் தோடை, பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டால்தான் சிவக்கும். ஜேர்மன் கடைகளில் இந்தப் பழங்கள் சாறு நிறைந்து கிடக்கும் மாதங்கள் டிசெம்பரும் ஜனவரியும். அதே நேரம் பார்த்து நாங்கள் அவற்றை வெட்டிச் சூடான பாத்திரத்துக்குள் போடுகிறோம். எனக்கு மனம் பொறுக்காதது அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இரண்டுக்கும் இலக்கணம் எழுதியிருக்கிறது. குளூவைன் என்றால் சிவப்பு அல்லது வெள்ளை வைன், அதில் கறுவாவோ கராம்போ முதன்மை வாசனை. மதுசாரம் 7 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தண்ணீர் கலக்கவும் கூடாது. சங்கிரியா என்றால் தோடை இனப் பழங்களின் வாசனை ஏற்றிய வைன். 4.5 சதவீதத்திலிருந்து 12க்குக் கீழே இருக்க வேண்டும். அந்தப் பெயரில் விற்கும் உரிமை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் மட்டும். வீட்டுச் சமையலறையை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதில் உண்மை இருக்கிறது: ஒன்று வாசனைச் சரக்கின் பானம், மற்றது பழத்தின் பானம்.

முதலில் சூட்டைப் பார்ப்போம். டொர்ன்ஃபெல்டர் என்ற ஜேர்மன் சிவப்பு வைன் இரண்டு போத்தல், 100 கிராம் சீனி, இரண்டு கறுவாப்பட்டை, ஆறு கராம்பு, ஒரு அன்னாசிப்பூ. மதுசாரம் 78 பாகையில் கொதித்து ஆவியாகும் என்பதால் நான் 70 பாகையைத் தாண்ட விடுவதில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழி கட்டத் தொடங்கினாலே இறக்கிவிட வேண்டும். கராம்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் நாக்கு மரத்துப்போகும், வடித்துவிடுங்கள்.

இதில் பழத்துக்கு என்ன நடக்கிறது? தோடம்பழ வட்டங்களை 20 நிமிஷம் சூட்டில் விட்டுப் பார்த்தேன். சதை நார்நாராகப் பிரிந்தது, வெள்ளைத் தோலின் கசப்பு வைனுக்குள் இறங்கியது. மாதுளை முத்துகள் நிறம் வெளிறி, உள்ளே விதை மட்டும் பல்லில் இடறியது. ஆனால் காய்கறி சீவியால் மெல்லிசாகச் சீவிய மேல்தோலைப் போட்டதும் கூடமே மணத்தது. தோலின் எண்ணெய்தான் சூட்டுக்கு வேண்டியது. எனவே குளூவைனுக்குத் தோல் போதும், பழத்தைப் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுங்கள். தோலைப் பாவிப்பதென்றால் மெழுகும் பூஞ்சணக்கொல்லியும் பூசாத பழமாகப் பார்த்து வாங்க வேண்டும். வலைப்பையில் இருக்கும் சிட்டையை வாசித்தால் தெரியும்.

கறுவாவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே மலிவாகக் கிடைப்பது கசியா: தடித்த ஒற்றைச் சுருள், கையால் உடையாது. எங்கள் இலங்கைக் கறுவாவைக் குறுக்கே பார்த்தால் சுருட்டுப் போல ஏட்டுக்குள் ஏடாக இருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கசியாவில் கூமரின் என்ற பொருள் கூட. அளவு மிஞ்சினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும் என்பதால், 2006ல் ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கறுவா போட்ட நத்தார்ப் பலகாரங்களைப் பற்றி எச்சரித்தது. இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. சூடோ குளிரோ, நான் போடுவது அதைத்தான்.

இனிச் சங்கிரியா. முதல் நாள் இரவே வேலையை முடித்துவிடலாம், 12 பேர் வரும் நாளில் அது பெரிய உதவி. கார்னாச்சா என்ற ஸ்பானியச் சிவப்பு வைன் இரண்டு போத்தல், 100 மில்லிலீற்றர் பிரண்டி, ஆறேழு கிளெமென்டைன் பிழிந்த 200 மில்லிலீற்றர் சாறு, கொஞ்சம் சீனிப்பாகு, ஒரு கறுவாப்பட்டை. அதற்குள் உரித்த கிளெமென்டைன் சுளை, தோலோடு நறுக்கிய புளிப்பு அப்பிள், ஒரு முழு மாதுளை. எட்டு மணித்தியாலம் பிரிட்ஜில் ஊறட்டும். பரிமாறும்போது 400 மில்லிலீற்றர் சோடா. மதுசாரத்தைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10.5 சதவீதம் வரும். குளூவைன் 12க்குக் கிட்ட நிற்கிறது.

வைன் தெரிவிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. குளிரில் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும், அதனால் துவர்ப்பு மெல்லிய கார்னாச்சா. டொர்ன்ஃபெல்டரைக் குளிர வைத்தபோது நாக்கு வறண்டது. ஓக் பீப்பாயில் வைத்த விலை கூடிய வைன் இரண்டுக்கும் வேண்டாம், அந்த மரவாசம் பழத்தை அமுக்கிவிடும்.

மாதுளையை உடைப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. நாலாகக் கீறி, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்துக்குள் வைத்தே உதிர்த்துவிடுங்கள். முத்து அடியில் தங்கும், கசக்கும் வெள்ளைச் சவ்வு மேலே மிதக்கும், அள்ளி எறியலாம். சவ்வோடு போட்டு ஊறவைத்தால் விடியும்போது முழுப் பாத்திரமும் கசந்திருக்கும்.

கசப்பு என்றால் நேவல் தோடையை மறக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு நேவல் பிழிந்து இரவு முழுக்க ஊறவைத்தேன். இரவு தேனாக இருந்தது, காலையில் வாயில் வைக்க முடியவில்லை. பழம் பழுதென்று நினைத்துக் கடைக்காரரைத் திட்டினேன், பாவம். பிழை என்னுடையது. நேவல் சாறு நேரம் போகப்போகத் தன் புளிப்பிலேயே லிமோனின் என்ற கசப்புப் பொருளை உண்டாக்கும். உரித்து உடனே சாப்பிட்டால் அது தெரியவே தெரியாது. நேவல்தான் கையில் இருக்கிறதென்றால், பரிமாறும் நேரம் பிழிந்து ஊற்றுங்கள். கிளெமென்டைனில் எனக்கு அந்தத் தொல்லை வந்ததில்லை.

சூட்டுக்கென்றே பிறந்த பழமும் உண்டு. இங்கே குவிட்ட என்பார்கள். மஞ்சள் நிறம், மேலே பஞ்சு போன்ற மயிர், கல்லைப் போல இறுக்கம். பச்சையாகக் கடித்தால் வாயெல்லாம் துவர்க்கும். மெல்லிய துண்டுகளாக வெட்டி அப்பிள் சாற்றில் முக்கால் மணித்தியாலம் மெதுவாக அவித்தால் ரோசா நிறம் ஏறி, வீடு முழுக்க மணக்கும். அதற்குள் ஒரு போத்தல் ரீஸ்லிங் வெள்ளை வைன் ஊற்றி 70 பாகைக்குச் சூடாக்கினால் போதும், கறுவாகூட வேண்டாம். பேரிக்காயும் இப்படித்தான், சிவப்பு வைனில் அவிந்தால் கரண்டியால் வெட்டிச் சாப்பிடலாம். இந்த இரண்டு பழத்திலும் சங்கிரியா தோற்றுவிடும் என்பதைத் தயங்காமல் சொல்வேன். குளிரில் எட்டு மணித்தியாலம் ஊறினாலும் குவிட்ட அசையாது.

தக்காளி போலத் தோற்றமுள்ள காக்கிப்பழத்தைச் சிவப்பு வைனில் போட வேண்டாம், அதன் மெல்லிய இனிப்பு காணாமல் போகும்.

சூடான வைனுக்கு மேலே சீனிக்கூம்பை வைத்து, அதில் ரம் ஊற்றிக் கொளுத்தும் ஃபொயர்சாங்கன்போலெயையும் மச்சாள் போட்டியில் சேர்க்கச் சொன்னாள். அதற்கு 54 சதவீத ரம் வேண்டும், நீல நெருப்புச் சொட்டுச் சொட்டாக விழுவது அழகுதான். பழத்துக்கு அதில் பெரிய வேலையில்லை என்பதால் விட்டுவிட்டேன். சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில் அந்த நெருப்பும் வேண்டாம்.

பிள்ளைகள் இருந்தால் சங்கிரியாவிலும் கவனம் வேண்டும். ஊறிய பழத்துண்டில் வைனும் பிரண்டியும் ஏறியிருக்கும், பார்ப்பதற்கோ பழச்சாலட் போலவே இருக்கும். நான் பாத்திரத்தை உயரத்தில் வைத்துவிட்டு, மாதுளைச் சாற்றையும் அப்பிள் சாற்றையும் கறுவா போட்டுச் சூடாக்கி அவர்களுக்கும் வாகனம் ஓட்டி வந்தவர்களுக்கும் வேறாகக் கொடுத்தேன்.

அன்று வந்தவர்கள் வாசலில் கையுறையைக் கழற்றியதும் கேட்டது குளூவைன். முதல் கோப்பைக்கு அதை அடிக்க வேறொன்றில்லை. அரை மணித்தியாலத்தில் உடம்பு சூடேறியதும் ஒவ்வொருவராகக் கண்ணாடிப் பாத்திரத்துப் பக்கம் நகர்ந்தார்கள். இரண்டாம் தடவை குளூவைன் கேட்டவர் மச்சாள் மட்டும். பதினொரு மணிக்கு அவளும் நீளக் கரண்டியோடு சங்கிரியாப் பாத்திரத்தின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தாள். "மாதுளை இன்னும் கிடக்கோ பாருங்கோ மச்சாள்" என்றாள். இல்லை, தீர்ந்துவிட்டது.

அடுத்தது தைப்பொங்கலுக்குப் பிறகு. இரத்தத் தோடை வந்ததும் மூன்று கிலோ எடுத்து வைக்கும்படி காய்கறிக்கடையில் சொல்லியிருக்கிறேன். கிளெமென்டைன் இருந்த இடத்தில் அதைப் போட்டு, மாதுளையைப் பாதியாக்கிப் பார்க்கப் போகிறேன்.