எத்தனை முட்டைக்கு எந்த டின்? கேக் மாவைக் கணிக்கும் நான்கு வழிகள்

அக்கா மகளின் பிறந்தநாளுக்கு நான் செய்த முதல் சாக்லேட் கேக்கில் கால்வாசி ஓவனின் அடித்தட்டில்தான் வெந்தது. செய்முறை 8 இன்ச் வட்ட டின்னுக்கு உரியது. வீட்டில் இருந்தது 6 இன்ச். விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழே வரைக்கும் மாவை ஊற்றிவிட்டு, இடம் இருக்கிறதே என்று நிம்மதியாக வேறு வேலை பார்க்கப் போனேன். இருபதாவது நிமிடம், “சித்தி, கேக் வெளிய வழியுது!” என்று ஓடிவந்தாள். வழிந்தது கீழ்க்கம்பியில் விழுந்து கருகி, வீடு முழுக்கப் புகை. மேலே அழகாக எழும்பி நின்ற கேக்கை வெட்டினால் நடுவில் கூழ்.

அடுத்த முறை அந்தப் பயத்தில் நேர்மாறாகச் செய்தேன். டின் புதிதாக வாங்கியது, 8 இன்ச். மாவு 6 இன்ச் செய்முறைப்படி. ஒரு இன்ச் உயரம்கூட வரவில்லை. ஓரம் காய்ந்து வறண்டுபோனது, மேற்பகுதி மட்டும் வெளுத்தே இருந்தது. டின்னின் சுவர் உயரமாக இருந்து மாவு அடியில் கிடந்தால், சுவரே மேல்கம்பியின் சூட்டை மறைத்துவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது.

இட்லி மாவைக் கரைத்து வைக்கும்போது பாத்திரத்தில் பாதிக்கு மேல் விடக்கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பொங்கி வழிந்த மாவைத் துடைத்த வீட்டில்தான் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம். கேக்கில் அந்தக் கைப்பழக்கம் பலருக்கு இல்லை. அதனால் ஏதாவது ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்கிறோம். நான் நான்கு கணக்குகளையும் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது, கடையில் கேக் வாங்கிப் பழகிய கிலோ கணக்கு. “அரை கிலோ கேக் செய்யணும், எவ்வளவு மாவு?” என்றுதான் என்னிடமும் அதிகம் கேட்கிறார்கள். இதை நான் முழுதாகவே ஒதுக்கிவிட்டேன். கடையில் அரை கிலோ என்பது கிரீம், சர்க்கரைப் பாகு, நடுவில் வைத்த பழம் எல்லாம் சேர்ந்த எடை. அரை கிலோ மாவை வேகவைத்தால் ஈரம் போய்ப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். மிஞ்சும் 450 கிராம் கேக்கின் மேல் கிரீம் ஏறினால் அரை கிலோவை எங்கோ தாண்டிவிடும். கிலோ கணக்கு வாங்குபவருக்கானது. மாவு கலக்குபவருக்கு அதில் உதவி எதுவும் இல்லை.

இரண்டாவது, முட்டைக் கணக்கு. இது நல்ல கணக்கு, ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். இங்கிலாந்தின் பழைய பவுண்ட் கேக்கில் வெண்ணெய், சர்க்கரை, மைதா, முட்டை நான்கும் ஒவ்வொரு பவுண்ட். அதே வழியில் வந்ததுதான் விக்டோரியா ஸ்பாஞ்ச் என்ற வெண்ணெய் கேக்கின் வழக்கம்: முட்டையை ஓட்டோடு தராசில் வைத்து, அதே எடைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா எடுத்துக்கொள்வது. இதில் இருக்கும் புத்திசாலித்தனம் எனக்கு இன்றைக்கும் வியப்புதான். முட்டை சின்னதாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகவே சின்னதாகிவிடும். “மூன்று முட்டை, ஒன்றரை கப் மைதா” என்று எழுதியிருக்கும் செய்முறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நம் ஊர் முட்டை ஒன்று 45 கிராம் இருக்கும், இன்னொன்று 60 இருக்கும். கப் அதைவிட மோசம். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, பழைய பிரிட்டிஷ் கப் 284. மைதாவை அள்ளிப் போடுவதா, ஸ்பூனால் மெல்ல நிரப்புவதா என்பதிலேயே ஒரு கப்புக்கு 20, 30 கிராம் வித்தியாசம் வரும்.

எடை போட்டுச் செய்தால், 55 கிராம் முட்டை ஒன்றுக்கு, ஒரு ஸ்பூன் பாலும் சேர்த்து, ஏறத்தாழ 225 கிராம் மாவு கிடைக்கும். 2 இன்ச் உயரமுள்ள வட்ட டின்னில் என் அனுபவம் இது: 6 இன்ச்சுக்கு இரண்டு முட்டை, 7 இன்ச்சுக்கு மூன்று, 8 இன்ச்சுக்கு நான்கு. வெண்ணெய் கேக் மட்டும் செய்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். முட்டையில்லாத கேக்குக்கோ, எண்ணெயும் தயிரும் சேர்ப்பதற்கோ இந்த வாய்ப்பாடு பொருந்தாது.

மூன்றாவது, பரப்பளவுக் கணக்கு. கையில் இருக்கும் செய்முறை ஒரு டின்னுக்கு, வீட்டில் இருப்பது இன்னொரு டின் என்றால் இதுதான் சரி. 6 இன்ச் வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர இன்ச். 8 இன்ச் வட்டம் 50. அதாவது முக்கால் பங்குக்கும் மேல் அதிகம். “ரெண்டு இன்ச்தானே பெரிசு” என்று கண் சொல்வதை இங்கே நம்பவே கூடாது. 6 இன்ச் டின் இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு 8 இன்ச் டின்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். 9 இன்ச் வட்டமும் 8 இன்ச் சதுரமும் கிட்டத்தட்டச் சமம், இரண்டும் சுமார் 64 சதுர இன்ச் வரும். செய்முறையில் 9 இன்ச் வட்டம் என்று இருந்து, கையில் 8 இன்ச் சதுரம் இருந்தால் ஒரு பொருளையும் மாற்ற வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 6 இன்ச்சிலிருந்து 8 இன்ச்சுக்குப் போக 1.78 ஆல் பெருக்கினால் இரண்டு முட்டை மூன்றரையைத் தாண்டும். நான்கு முட்டையை உடைத்து அடித்து, தேவையான கிராம் மட்டும் ஊற்றிக்கொள்ள வேண்டும். தராசு இல்லாதவர்களுக்கு இந்த வழி கஷ்டம். இன்னொன்று, உயரத்தைப் பரப்பளவு சொல்லாது. 2 இன்ச் சுவரும் 3 இன்ச் சுவரும் இந்தக் கணக்குக்கு ஒன்றுதான். இதய வடிவ டின், நடுவில் குழாய் உள்ள டின் என்று வந்தால் கணக்கே நின்றுவிடும்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. டின்னைத் தராசில் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் டின்னின் மில்லி. வடிவம் எதுவானாலும் கவலையில்லை. 2 இன்ச் உயரமுள்ள 6 இன்ச் டின் சுமார் 925 மில்லி பிடிக்கும், 7 இன்ச் 1,260, 8 இன்ச் 1,650. அடி கழலும் டின்னில் தண்ணீர் ஒழுகிவிடும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரைப் பரப்பிவிட்டு அளக்கலாம். தராசு இல்லையென்றால் அளவு டம்ளரால் எண்ணி ஊற்றினாலும் போதும்.

அப்புறம், எவ்வளவு நிரப்புவது? வெண்ணெய் கேக் என்றால் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள். நான் அறுபது சதவீதத்தில் நிறுத்துகிறேன். வெண்ணெய் கேக் மாவு தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு. அதனால் டின் பிடிக்கும் தண்ணீரின் எடையில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 925 மில்லி டின்னுக்கு 500 கிராம் மாவு. முட்டையை மட்டும் நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பாஞ்சுக்கு இந்த எடை ஆகாது. அதில் காற்று அதிகம், அதே அளவு மாவு ஏறத்தாழ பாதி எடைதான் இருக்கும். அதே டின்னுக்கு 300 கிராமே தாராளம். அங்கே எடையைவிட உயரத்தைப் பார்த்து ஊற்றுவதுதான் நல்லது.

வெண்ணெய் கேக் மட்டும் செய்பவருக்கு முட்டை எடை போதும். புத்தகத்தைப் பார்த்து விதவிதமாகச் செய்பவருக்குப் பரப்பளவு வேண்டும். டின்னைத் தண்ணீரால் அளப்பது எல்லாருக்கும் வேண்டும், ஒரே ஒரு தடவை.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் கொஞ்சம் தவறத்தான் செய்யும். கூடுவதும் குறைவதும் ஒன்றா என்றால், இல்லை. மாவு கூடுவதே மேல். குறைந்த மாவைப் பெருக்க வழியில்லை. மிஞ்சியதை வெண்ணெய் தடவிய எவர்சில்வர் கிண்ணத்தில் பாதியளவு ஊற்றி, பெரிய டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம். சின்னது முன்னதாகவே வெந்துவிடும். ஆனால் இருபது நிமிடத்துக்கு முன் கதவைத் திறந்து எடுக்காதீர்கள், பெரிய கேக்கின் நடு அமுங்கிவிடும்.

மிஞ்சியதை அடுத்த ஈடாக வைக்கலாமா என்பது மாவைப் பொறுத்தது. தயிரும் சோடாவும் சேர்ந்த மாவு கலந்த நிமிடத்திலிருந்தே காற்றை இழக்கத் தொடங்கும். முதல் ஈடு வேகும் நாற்பது நிமிடம் காத்திருந்தால் அடுத்த ஈடு அடை மாதிரிதான் வரும். எனக்கு இரண்டு முறை வந்தது. சூட்டிலும் வேலை செய்யும் வகை பேக்கிங் பவுடர் போட்ட மாவு ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் தாங்கும். நான் அதற்கு மேல் விடுவதில்லை.

மாவை இரண்டு மடங்காக்கினால் நேரமும் இரண்டு மடங்கு என்று எண்ண வேண்டாம். நேரத்தை முடிவு செய்வது ஆழம். ஒரே ஆழத்தில் டின் அகலமானால் சில நிமிடங்கள்தான் கூடும். ஆழம் கூடினால் சூடு நடுவுக்குப் போய்ச் சேர வெகுநேரம் பிடிக்கும். அப்போது 180 டிகிரியை 160 ஆக்கி, பொறுமையாக விட வேண்டும். இல்லையென்றால் மேலே வெடித்து உள்ளே வேகாமல் நிற்கும். சின்ன ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவனில்) உயரமான டின் மேல்கம்பிக்கு மிக அருகில் போய்விடுவதால் கீழ் அடுக்கில் வைக்கிறேன்.

என் டின்களின் அடியில் இப்போது மார்க்கரால் இரண்டு எண்கள் எழுதி வைத்திருக்கிறேன்: எவ்வளவு மில்லி, எத்தனை முட்டை. பாத்திரம் கழுவக் கழுவ அழிகிறது, திரும்ப எழுதுகிறேன். அக்கா மகள் இந்த வருடம் இதய வடிவ கேக் கேட்டிருக்கிறாள். அந்த டின்னை நேற்று அளந்தேன், 1,050 மில்லி. இரண்டரை முட்டை வருகிறது. மூன்றை உடைத்து அடித்து, ஓடு நீங்கலாக 120 கிராம் ஊற்றிக்கொள்ள வேண்டும். மிச்சத்தில் காலையில் அவளுக்கு ஒரு ஆம்லெட்.